காருக்கு மூச்சு முட்டுகிறது

மனைவி ஓட்டுநர் தேர்வில் இரண்டாம் முறையும் தோற்று வந்த அன்று, தவறு அவளுடையதல்ல என்று கணவர் தீர்ப்பு வழங்கினார். தவறு காருடையது. இந்தப் பெருந்தன்மைக்கு அவள் ஏதாவது பதில் சொல்வாள் என்று சற்று நேரம் கூடத்தின் நடுவிலேயே நின்றார். அவள் கைப்பையை மேசைமேல் போட்டுவிட்டு முகம் கழுவப் போய்விட்டாள்.

நடந்தது புதிதல்ல. சிக்னலில் பச்சை விழுந்தது, கிளட்சை விட்டாள், கார் ஒரு குலுக்கு குலுக்கி நின்றது. மறுபடி கிளப்பினாள், மறுபடி நின்றது. பின்னால் நின்ற வண்டிகள் ஹாரன் அடித்துத் தங்கள் கருத்தைத் தெரிவித்தன. பக்கத்தில் இருந்த தேர்வு அதிகாரி நீண்ட பெருமூச்சு விட்டுத் தாளில் எதையோ எழுதினார். முதல் தேர்விலும் இதே சிக்னல், இதே பெருமூச்சு.

அவளுக்கு அந்த உரிமம் விளையாட்டுக்கு வேண்டியதில்லை. காதுக்கருவிகள் விற்கும் நிலையம் ஒன்றில் செவித்திறன் சோதிப்பது அவள் வேலை. சத்தம் புகாத சின்ன அறையில் உட்கார்ந்து, எதிரில் இருப்பவருக்கு எது கேட்கிறது, எது கேட்டதாக நடிக்கிறார் என்று கண்டுபிடிக்க வேண்டும். படுக்கையில் இருப்பவர்களின் வீட்டுக்கே போய்ச் சோதிக்க நிலையம் ஒரு புதிய பிரிவு தொடங்கியது. பொறுப்பாளராக அவளைத்தான் நினைத்திருந்தார்கள். ஒரே நிபந்தனை, இந்த மாதம் முடிவதற்குள் உரிமம் கையில் இருக்க வேண்டும். இல்லையென்றால் பதவி பக்கத்து அறைக்காரிக்குப் போகும். அந்தப் பெண்ணிடம் உரிமம் இருந்தது, பொறுமைதான் கிடையாது. வந்தவருக்குக் கேட்கவில்லை என்றால், செவித்திறன் சோதனையிலேயே, உரக்கக் கத்துவாள்.

கணவர் குளியலறைச் சாமான்கள் விற்கும் கடையில் விற்பனை மேலாளர். தண்ணீரும் காற்றும் ஒன்றுதான், இரண்டும் குழாயில் போகின்றன என்பது அவருடைய அறிவியல். இந்த அஸ்திவாரத்தின் மேல், கைபேசியில் பார்த்த வீடியோக்களைக் கொண்டு பல மாடிகள் எழுப்பியிருந்தார். காருக்கு மூச்சு முட்டுகிறது என்றார். இன்ஜினுக்குப் போகும் காற்று ஒரு கறுப்புப் பிளாஸ்டிக் பெட்டிக்குள் நுழைந்து, காகித ஃபில்டரைத் தாண்டி, ஒல்லியான மூக்கு ஒன்றின் வழியாகத் திணறிக்கொண்டு போகிறதாம். பெட்டியை எடுத்துவிட்டு அகலமான குழாய் போட்டால் கார் தாராளமாக மூச்சுவிடும். மூச்சுவிடுகிற கார் சிக்னலில் நிற்காது. காரைத் தயாரித்த நிறுவனத்தில் எத்தனையோ பொறியாளர்கள் சம்பளம் வாங்கிக்கொண்டிருந்தும் ஒருவருக்கும் இது உதிக்கவில்லை.

மனைவியின் தம்பி அன்றிலிருந்து அவரை நிபுணர் என்று அழைக்கத் தொடங்கினான். அடிபட்டு வரும் வண்டிகளைப் பார்த்துக் காப்பீட்டு நிறுவனத்துக்காகச் சேதத்தை மதிப்பிடுவது அவன் பிழைப்பு. எதைப் பார்த்தாலும் அது உடைந்த பிறகு எப்படி இருக்கும் என்று யோசிக்கிற ஆள். நிபுணர் அந்தப் பட்டத்தைக் கூச்சமில்லாமல் ஏற்றுக்கொண்டார்.

விடுமுறை நாள் காலையில், குடியிருப்பின் பின்புறம் கார் நிறுத்தும் இடத்தில் அறுவைச்சிகிச்சை ஆரம்பமானது. கறுப்புப் பெட்டியைத் திறந்ததும் உள்ளே ஒரு காய்ந்த இலையும், செத்த பூச்சி ஒன்றும், தூசியில் சாம்பல் நிறமாகிப்போன ஃபில்டரும் இருந்தன. நிபுணர் இலையை உயர்த்திக் காட்டினார், கொலை ஆயுதம் கிடைத்துவிட்ட மாதிரி. ஃபில்டரை மட்டும் மாற்றினால் போதாதா என்று மச்சினன் கேட்டான். அது சாதாரண ஜனங்கள் செய்கிற வேலை என்று அவனுக்கு விளக்கப்பட்டது.

கடையிலிருந்து வந்தவை: அகலமான கழிவுநீர்க் குழாய் ஒரு துண்டு, வளைவுக்கு ஒரு எல்போ, இரண்டு ரப்பர் இணைப்புகள், இறுக்கக் கிளாம்புகள். வெளியிலிருந்து வாங்கியது கூம்பு மாதிரியான சிவப்பு ஃபில்டர் ஒன்றுதான். குழாயின் மேல் 'குளியலறை உபயோகத்துக்கு மட்டும்' என்று அச்சடித்திருந்தது. அந்தப் பக்கத்தைக் கீழே திருப்பிவிடலாம் என்று நிபுணர் முதலில் நினைத்தார். திருப்பினால் எல்போ எதிர்த்திசையைப் பார்த்தது. எழுத்து மேலேயே இருந்துவிட்டது.

முதல் ஓட்டத்தில் ஒரு சின்னச் சிக்கல். ஃபில்டரை அவர் பொருத்திய இடம் சூடான புகைக்குழாய்க்குப் பக்கத்தில். குளிர்ந்த காற்றைத் தேடிப் புறப்பட்டவர் கொதிக்கிற காற்றைப் பிடித்துக் கொடுத்திருந்தார். தெருவை ஒருமுறை சுற்றி வருவதற்குள் கழிவுநீர்க் குழாய் இளகி நடுவில் தொய்ந்தது. நிபுணர் தளரவில்லை. புதுத் துண்டு வெட்டி, ஃபில்டரை ஹெட்லைட்டுக்குப் பின்னால் கொண்டுபோய், சூடு தாக்காமல் நடுவில் ஒரு தகட்டை வைத்துத் திருகினார். தகடு அளவெடுத்த மாதிரி உட்கார்ந்தது. அடுத்த நாள் மனைவி சமையலறையில் எல்லா அலமாரிகளையும் திறந்து மூடிக்கொண்டிருந்தாள்.

"கேக் தட்டைப் பாத்தீங்களா?"

"அது இப்ப நல்ல எடத்துல இருக்கு," என்றார் நிபுணர்.

கார் மாறிவிட்டது, அதில் சந்தேகமில்லை. சும்மா நிற்கும்போது பழைய பூனைதான். ஆக்ஸிலேட்டரில் கால் பட்டால் போதும், பெரிய மிருகம் ஒன்று தொண்டையைத் திறந்த மாதிரி ஹோ என்று ஒரு முழக்கம் முன்பக்கத்திலிருந்து கிளம்பி உள்ளே நிறைந்தது. பவர் என்றார் நிபுணர். சத்தம் என்றான் மச்சினன். வேகம் கொஞ்சமும் கூடவில்லை என்பதை அவன் மெதுவாக எடுத்துச் சொல்ல, புது ரத்தம் உடம்பில் ஊற நாளாகும் என்று பதில் வந்தது.

மனைவிக்கு ஓட்டப் பழக்குவது நிபுணரின் இன்னொரு துறை. பழைய நாட்களில் அவர் பக்கத்தில் உட்கார்ந்து, வண்டி நகர்வதற்கு முன்பே நேரடி வர்ணனையைத் தொடங்கிவிடுவார். கிளட்சை விடு, மெதுவா, மெதுவான்னா இவ்வளவு மெதுவா இல்ல, கண்ணாடியைப் பாரு, என்னைப் பாக்காதே. குழாய் மாட்டிய பிறகு முதல் நாளும் அப்படித்தான் வாயைத் திறந்தார். அவள் ஆக்ஸிலேட்டரை மிதித்தாள். முழக்கத்தில் அவர் வர்ணனை அமுங்கிப்போனது. அவள் கிளட்சை விட விட, முழக்கம் ஓரிடத்தில் சற்றுத் தாழ்ந்தது. அந்த இடத்தில் இன்னும் கொஞ்சம் மிதித்தாள். கார் வெண்ணெயில் வழுக்குவது போல் நகர்ந்தது. அன்று முழுவதும் எந்தச் சிக்னலிலும் அணைந்து நிற்கவில்லை. அடுத்த நாளும் நிற்கவில்லை.

நிபுணர் கடையில் எல்லோரிடமும் சொன்னார். வாஷ்பேசின் வாங்க வந்த ஒரு தம்பதி, காற்று எப்படிப் போகிறது என்பதையும் தெரிந்துகொண்டு போனார்கள்.

தேர்வுக்கு முந்தைய நாள் மச்சினன் தொழில்புத்தியோடு ஒரு சந்தேகத்தைக் கிளப்பினான். இந்தச் சத்தத்தோடு போனால் அதிகாரி வண்டியை வாசலிலேயே திருப்பி அனுப்பிவிட்டால்? மாதம் முடிவதற்குள் இனி இன்னொரு தேதி கிடைக்காது. நிபுணரின் முகம் முதல்முறையாக வாடியது. சாயங்காலம் சாப்பாட்டு மேசையில், பழைய பெட்டியையே திரும்ப மாட்டிவிடப் போவதாகச் சொன்னார். பவர் போனாலும் பரவாயில்லை, அவளுக்கு வேலைதான் முக்கியம் என்றார். அந்தத் தியாகத்துக்காக இன்னொரு அப்பளம் எடுத்துக்கொண்டார்.

"அதைத் தொடாதீங்க," என்றாள் அவள்.

"உனக்காகத்தானே சொல்றேன்."

"தெரியும். அந்தப் பெட்டியை மாட்டினா நாளைக்கும் சிக்னல்ல நிப்பேன்."

"அதான் நானும் சொன்னேன். மூச்சு முட்டுது..."

"மூச்சு இல்லங்க. யாராவது பேசினா என் காது அங்க போயிடும். பொழுதன்னிக்கும் அதே வேலை எனக்கு. நீங்க பேசினா உங்களைக் கேப்பேன். அந்த ஆபீசர் பெருமூச்சு விட்டா, எதுக்கு விட்டார்னு கேப்பேன். கார் என்ன சொல்லுதுன்னு கேக்கவே இல்ல. இப்பதான் கேக்குது."

நிபுணர் பிசைந்த சாதத்தையே மறுபடி பிசைந்தார். அவர் நினைவில் ஓடிய வர்ணனைகளின் நீளம் முகத்தில் தெரிந்தது.

"அப்ப பவர்?" என்றார் கடைசியில்.

"மாமா, சேதம் கம்மிதான்," என்றான் மச்சினன். "விட்டுடுங்க."

தேர்வு மைதானத்தில் பழைய பெருமூச்சு அதிகாரியேதான் இருந்தார். கார் உள்ளே நுழைந்த சத்தத்தைக் கேட்டுப் பானெட்டைத் திறக்கச் சொன்னார். மைதான ஓரத்துப் பெஞ்சில் மச்சினனோடு உட்கார்ந்திருந்த நிபுணர் பாதி எழுந்து மறுபடி உட்கார்ந்தார். அதிகாரி குனிந்து நெடுநேரம் படித்தார்.

"பாத்ரூம்னு போட்டிருக்கேம்மா."

"வீட்டுக்காரர் அந்தக் கடையிலதான் வேலை பாக்கறார் சார்."

"இந்தத் தட்டு?"

"அது என்னோடது சார்."

அதிகாரி தலையைத் திருப்பிப் பெஞ்சைப் பார்த்தார். அவர் வீட்டிலும் ஒரு நிபுணர் இருந்திருக்க வேண்டும், அல்லது அந்த நிபுணர் அவராகவே இருக்கலாம். அவர் சரிபார்க்க வேண்டியவை விளக்கு, பிரேக், டயர், கண்ணாடி. குளியலறையைப் பற்றி விதிகளில் ஒன்றும் இல்லை. பானெட்டை மூடிவிட்டு ஏறி உட்கார்ந்தார்.

கார் மைதானத்தைச் சுற்றிவிட்டு வெளியே போனது. மதில் சுவருக்கு அந்தப் பக்கம்தான் அந்தச் சிக்னல். பெஞ்சிலிருந்து ஒன்றும் தெரியாது. மச்சினன் ஏதோ சொல்ல வந்தான். நிபுணர் அவன் கையை அழுத்தி வாயை அடைத்தார். வாழ்க்கையில் அவர் இவ்வளவு கவனமாக எதையும் கேட்டதில்லை. முழக்கம் தாழ்ந்தது, அடங்கியது, ஒன்றுமில்லாமல் போனது. சிவப்பு விழுந்திருக்க வேண்டும். எங்கோ ஒரு லாரி உறுமியது. ஒரு ஹாரன் கேட்டது, பிறகு இன்னொன்று. நிபுணர் கண்ணை மூடிக்கொண்டார்.

மதிலுக்கு அப்பால் ஹோ என்று கிளம்பியது. ஓரிடத்தில் சற்றுத் தாழ்ந்தது. பிறகு உயர்ந்து, நகர்ந்து, தெருவோடு போய்த் தேய்ந்தது.

"போயிட்டா," என்றார் நிபுணர்.

திரும்பி வந்த அதிகாரி இறங்கியதும் சுண்டுவிரலைக் காதில் விட்டுக் குடைந்தார். வழியெல்லாம் தான் சொன்னது அவளுக்குக் கேட்காததால், இடம் வலம் எல்லாவற்றையும் விரலால்தான் காட்ட வேண்டியிருந்ததாம். காட்டிய இடத்திலெல்லாம் சரியாகத் திரும்பினாளாம். இந்தக் குழாயை வைத்துக்கொண்டு இனி இந்தப் பக்கம் வர வேண்டாம் என்று சொல்லித் தேர்ச்சி என்று கையெழுத்துப் போட்டார். பெருமூச்சு விட்டாரா என்று தெரியவில்லை. விட்டிருந்தாலும் அவளுக்குக் கேட்டிருக்காது.

வீட்டுக்கு அவளேதான் ஓட்டினாள். மச்சினன் பின்னால், நிபுணர் பக்கத்தில். அதே சிக்னலில் சிவப்பு விழுந்து கார் நின்றது. நல்ல நாள், நல்ல மனநிலை. நிபுணர் தொண்டையைச் செருமிக்கொண்டு, புகைக்குழாயையும் மாற்றிவிட்டால் வண்டி எங்கேயோ போய்விடும் என்று தொடங்கினார். கடையில் அதற்குத் தோதாக ஒரு பைப் வந்திருக்கிறதாம்.

பச்சை விழுந்தது. அவள் ஆக்ஸிலேட்டரைத் தேவைக்கு மேல் கொஞ்சம் மிதித்தாள். நிபுணரின் உதடுகள் வீடு வரை அசைந்துகொண்டே வந்ததை மச்சினன் கண்ணாடியில் பார்த்தான்.