படுக்கையைப் பார்த்த டிவி

முன்பு நெல் ஏற்றிக்கொண்டிருந்த என் டிராக்டர் டிரெய்லர்மேல் என் மகன் சிலம்பரசன் ஒரு வீடு கட்டினான். தகரச் சுவர், கட்டில், அடுப்பு, கக்கூஸ், ஏசி எல்லாம் உண்டு. திருநள்ளாறு சனீஸ்வரன் கோயிலுக்கு வருகிறவர்கள் அதில் தங்குவார்களாம். நிற்பது என்னவோ பக்கத்து ஊரான கோவில்பத்தில் எங்கள் கொல்லையில்தான். நின்ற இடத்திலேயே நிற்கிற வீட்டுக்குச் சக்கரம் எதற்கு என்று கேட்டேன். அதைப் பார்த்துத்தான் ஆள் வரும் என்றான்.

முதல் பார்ட்டி சனிக்கிழமை வருவதாக இருந்தது. அவர்கள் முகம் சுளித்துப் போனால், முன்பு வேலை பார்த்த மஸ்கட்டுக்கே திரும்பிவிடுவது என்று முடிவு செய்திருந்தான். விசா வந்துவிட்டது. அதைக் கேட்ட மருமகள் ஓவியா அரிசியைச் சத்தமாகக் களைந்தாள்.

வெள்ளிக்கிழமை டிவி மாட்டினோம். அதைத் தாங்க ஓர் இரும்புக் கை. நீளும், மடங்கும், திரும்பும்.

"டிவி எதுக்குடா திரும்பணும்? பாக்குறவன் திரும்பினா பத்தாதா?"

"படுத்துகிட்டும் பாக்கலாம், சமைச்சுகிட்டும் பாக்கலாம்ப்பா."

"சமைக்கிறவ டிவி பாத்தா நீ தீஞ்சதத்தான் திம்ப."

தகரத்துக்குப் பின்னால் குறுக்குச் சட்டம் கொடுத்திருப்பதாகச் சொன்னான். நான் நம்பாமல் அந்தக் கையில் தொங்கிப் பார்த்தேன். தாங்கியது. அப்போதும் நம்பிக்கை வரவில்லை, என் உடம்பில் கனம் ஏது?

ஒரு குறை இருந்தது. எந்தப் பக்கம் திருப்பினாலும், விட்டதும் டிவி மெல்ல நகர்ந்து கட்டிலுக்கு நேரே போய் நின்றது. கொல்லை அந்தப் பக்கம் சரிவு. படுக்கிறவர்களுக்கு வசதிதானே என்று சிலம்பரசன் விட்டுவிட்டான்.

மறுநாள் திருச்சியிலிருந்து ராஜ்மோகன் என்பவரும் அவருடைய தாயார் வடிவாம்பாளும் வந்தார்கள். கோயிலை முடித்துக்கொண்டுதான் வந்தார்கள். அந்த அம்மாள் கட்டிலில் உட்கார்ந்ததும் சிலம்பரசன் வரவேற்பு என்று சொல்லி டிவியைப் போட்டான். திரை முழுக்கச் சனீஸ்வரன், காக்கையோடு.

அவரை யாரும் நேருக்கு நேர் நின்று கும்பிடுவதில்லை. ஓரமாக நின்றுதான். இங்கே பால் குடிக்கிற பிள்ளைக்கும் தெரியும். இவன் மஸ்கட்டில் இருந்து மறந்துவிட்டான் போலிருக்கிறது.

"ஐயோ! சன்னதியிலயே நான் தூண் ஓரமா நின்னேன். இங்க படுக்கையையே பாக்குறாரே!"

ராஜ்மோகன் பெட்டியைத் தூக்கினார். "வாங்கம்மா, லாட்ஜ் பாத்துக்கலாம்."

சிலம்பரசன் ரிமோட்டை எடுத்தான்.

"அணைச்சிடாதீங்க தம்பி! வந்தவர விரட்டினா சும்மா விடுவாரா?"

டிவியைச் சுவர்ப்பக்கம் திருப்பினான். அது ஆடி அசைந்து வந்து மறுபடி அந்த அம்மாளைப் பார்த்தது.

"பாத்தியா ராஜு, விடமாட்டேங்கிறாரு."

ஓவியா வாசலில் காப்பித் தட்டோடு நின்றாள். உள்ளே வரவில்லை. சிலம்பரசன் என்னைப் பார்த்தான்.

நான் கீழே இறங்கிச் சரிவுப் பக்கச் சக்கரத்தருகே ஜாக்கி வைத்து ஏற்றினேன். நெல் மூட்டையோடு தூக்கிய வண்டி, இவர்கள் எம்மாத்திரம். உள்ளே பாத்திரம் உருண்டது. சக்கரத்துக்கு அடியில் பலகை கொடுத்தேன்.

"அம்மா, இப்ப எங்க பாக்குறாரு?"

உள்ளேயிருந்து அந்த அம்மாள் குரல் கொடுத்தார்.

"அடுப்பப் பாக்குறாருங்க."

"பரவால்லையா?"

"அடுப்புதானே. பாத்துட்டுப் போகட்டும்." கட்டிலில் இருந்தபடியே ஓரமாகக் கும்பிட்டுவிட்டு, அந்த அம்மாள் காப்பி கேட்டார்.

பலகையால் கட்டில் சாய்ந்திருந்ததால் அன்று ராத்திரி தூக்கத்தில் ராஜ்மோகன் உருண்டு கீழே விழுந்தாராம். முழங்கையில் சிராய்ப்பு. காலையில் வடிவாம்பாள் என்னைக் கும்பிட்டுச் சொன்னார்:

"பெரிசா வரவேண்டிய கண்டம் இதோட கழிஞ்சுதுங்க."

அடுத்த வாரம் மகள் குடும்பத்தை அனுப்புவதாகச் சொன்னார். மருமகனுக்கு ஏழரைச் சனியாம். கட்டில் இதே மாதிரி இருக்க வேண்டுமாம்.

அவர்கள் போனதும் சிலம்பரசன் மஸ்கட்டுக்குப் போன் போட்டு, வரவில்லை என்று ஓவியா காதில் விழும்படி சொன்னான். மறுமுனையில் ஆள் இருந்ததா என்று எனக்குத் தெரியாது. பலகையை மட்டும் நான் எடுக்கவில்லை.