சுவருக்கு அடியில் கசிந்த வெளிச்சம்

ஒரு புதன்கிழமை மாலை, நாடி பார்க்கும் கருவியிலிருந்து கசிந்த வெளிச்சம் இருட்டக்காவின் பின்னாலேயே நடந்து அவள் வீட்டுக்கு வந்து சேர்ந்தது. மாடிப்படியில் கொஞ்சம் தயங்கியது. மற்றபடி வழியில் ஒரு தொந்தரவும் தரவில்லை. அந்த வாரம் தக்காளி விலை ஏறியிருந்ததால் தெருவில் யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

இருட்டக்கா என்பது அலுவலகத்தில் வைத்த பெயர். விளக்கு செய்கிற கம்பெனியில் இருட்டுக்காகச் சம்பளம் வாங்கும் ஒரே ஆள் அவள்தான் என்று கூட வேலை செய்கிறவர்கள் கிண்டல் செய்வார்கள். கிண்டலில் உண்மை இருந்தது. மணிக்கட்டில் கட்டிக்கொள்ளும் அந்தக் கருவிக்குள், அரிசிமணி அளவு இடத்தில், ஒரு பக்கம் குட்டி எல்.ஈ.டி. விளக்கு, மறுபக்கம் வெளிச்சத்தைப் பார்க்கிற ஒரு கண், நடுவில் கறுப்புச் சுவர். விளக்கிலிருந்து கிளம்பும் வெளிச்சம் தோலுக்குள் போய், ரத்தம் ஓடுவதைப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்து கண்ணிடம் சேதி சொல்ல வேண்டும். அதை விட்டுக் குறுக்கு வழியில் சுவரைத் தாண்டி நேராகக் கண்ணுக்குள் குதித்தால் சேதி பொய்யாகிவிடும். குதிக்க விடாமல் தடுப்பதுதான் அவள் வேலை, அதுதான் நடக்கவில்லை. கருவியை வெறும் மேசைமேல் வைத்தால்கூட மேசைக்கு நல்ல நாடி இருப்பதாகக் காட்டியது. மேலாளர் ஒருமுறை வந்து மேசையிடம் நலம் விசாரித்துவிட்டுப் போனார். அவள் சுவரை உயர்த்தினாள், தடிமனாக்கினாள், கறுப்பை இன்னும் கறுப்பாக்கிப் பார்த்தாள். வெளிச்சம் அசரவில்லை. மின்சாரத்தை நிறுத்திய பிறகும் அணையாமல் மேசை ஓரத்தில் உட்கார்ந்திருந்து, அவள் பையை எடுத்ததும் தானும் எழுந்துகொண்டது.

வீட்டில் படுக்கையறை ஒன்றுதான். கணவன் டவுன் பஸ் ஓட்டுகிறவன். விடிவதற்கு முன்னால் முதல் பஸ்ஸை எடுக்க வேண்டும் என்பதால் சாப்பிட்ட கையோடு படுத்துவிடுவான். வந்த வெளிச்சம் அன்றைக்கே அலமாரிக்கும் ஜன்னலுக்கும் நடுவே நடக்க ஆரம்பித்தது. உட்காரவே இல்லை. போர்வையைப் போட்டு மூடினார்கள், இழைகளுக்கு நடுவே வந்தது. வாளியைக் கவிழ்த்தார்கள், விளிம்புக்கு அடியில் வந்தது. வெளியே தள்ளிக் கதவைச் சாத்திவிட்டு அவள் திரும்புவதற்குள் கட்டில் பக்கத்தில் நின்றது. அவன் கண்ணில் துணியைக் கட்டிக்கொண்டு படுத்தபோது இமைக்குள்ளேயே வந்து நடந்தது. இப்படியே ஒரு வெயில் காலமும் ஒரு மழைக் காலமும் போயின. அவளும் தூங்கவில்லை, சுவரில் எங்கே ஓட்டை என்று யோசித்தபடி வெளிச்சத்துக்குப் போட்டியாக அவளும் நடந்தாள்.

ஒருநாள் பட்டப்பகலில், நேரான சாலையில், அவன் ஓட்டிய பஸ் நடைபாதைமேல் ஏறி ஒரு பெண்ணின் குடையைத் தட்டிவிட்டு நின்றது. பெண்ணுக்கு ஒன்றும் ஆகவில்லை. இன்னொரு தடவை நடந்தால் ஸ்டியரிங்கை மறந்துவிட வேண்டியதுதான் என்று டிப்போ அதிகாரி சொல்லி அனுப்பினார். வீட்டுக்கு வந்தவன் சத்தம் போடவில்லை. கட்டிலில் உட்கார்ந்து இரண்டு கைகளையும் மடியில் வைத்துக்கொண்டான்.

"கண்ணு மூடினது எனக்கே தெரியல," என்றான். "அந்தப் பொண்ணு முகம்தான் போக மாட்டேங்குது."

அவள் வாழ்க்கையில் அவ்வளவு பயந்ததில்லை. மறுநாள் காலையில் முதல் வேலையாகக் கருவியைக் குறுக்காக அறுத்துப் பூதக்கண்ணாடிக்கு அடியில் வைத்தாள். சுவரில் குறையே இல்லை. சுவரை அடியிலிருந்த சர்க்யூட் பலகையோடு ஒட்டிய பசைதான் தண்ணீர் மாதிரி தெளிவாக இருந்தது. எல்லோரும் சுவரையே பார்த்துக்கொண்டிருக்க, வெளிச்சம் பசை வழியாகச் சாவகாசமாகப் போய்வந்திருக்கிறது. சீக்கிரம் காய்கிறதே என்று அந்தப் பசையைத் தேர்ந்தெடுத்தவள் அவளேதான். அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. கறுப்புப் பசை போட்டதும் மேசையின் நாடி நின்றது. மேலாளர் மேசைக்கு இரங்கல் தெரிவித்தார்.

அன்று சாயங்காலம் ஓட்டமும் நடையுமாக வீட்டுக்கு வந்தாள். பழைய வெளிச்சம் அலமாரிக்கும் ஜன்னலுக்கும் நடுவே நடந்துகொண்டிருந்தது. அவளுக்கு ஆத்திரம் தலைக்கேறியது. துடைப்பத்தை எடுத்துக்கொண்டு அறை முழுக்க விரட்டினாள். அது கட்டிலைச் சுற்றி ஓடியது, அவளும் சுற்றினாள்.

"விடு," என்றான் கணவன். "பாவம், அது எதைத்தான் தேடுது?"

துடைப்பம் கையிலேயே நின்றுவிட்டது. எப்படி அடைப்பது என்றே இத்தனை நாளும் மண்டையை உடைத்துக்கொண்டவள், அது எங்கே போகக் கிளம்பியது என்று ஒருநாளும் கேட்டதில்லை. அதன் பாதையை வரைந்தது அவள்தான். தோலுக்குள் போகக் கிளம்பிய வெளிச்சம், ஒரு மனித நாடியையும் இதுவரை தொட்டதில்லை.

"கையக் கொடுங்க," என்றாள். அவன் சட்டைக் கையை மடித்து மணிக்கட்டை மல்லாத்தி மெத்தைமேல் வைத்தாள். வெளிச்சம் நின்றது. புது வீட்டுக்கு வந்த பூனையைப்போல மோந்து பார்த்தபடி அருகில் வந்தது. பிறகு உள்ளே போய்விட்டது. அறை இருண்டது. கையைத் திரும்ப எடுத்துக்கொள்வதற்குள் அவன் தூங்கிப்போனான்.

அதற்குப் பிறகு பஸ் எதன்மேலும் ஏறவில்லை. ஒவ்வொரு துடிப்புக்கும் அவன் மணிக்கட்டு உள்ளிருந்து சிவப்பாக எரிந்து தணிகிறது. சுரங்கப்பாதையில் கண்டக்டர் அந்த வெளிச்சத்தில் சில்லறை பொறுக்குகிறார். டிப்போ டாக்டர் பார்த்துவிட்டு, வண்டி ஓட்டத் தடையில்லை என்று எழுதிக் கொடுத்தார். கருவியும் கடைகளுக்கு வந்து நன்றாகவே விற்கிறது.

இருட்டக்காவுக்கு மட்டும் தூக்கம் திரும்பவில்லை. தலையணைக்குப் பக்கத்தில் சிவப்பு வருகிறது, போகிறது. போனது திரும்பி வரும்வரை அவள் மூச்சைப் பிடித்துக்கொள்கிறாள். ஒருநாள் அவள் கண்ணைப் பார்த்துவிட்டு அவன் கேட்டான்.

"கையில துணி சுத்திக்கட்டுமா? நீயும் கொஞ்சம் தூங்குவ."

"வேணாம்," என்றாள். "தெரியாமப் போனாத்தான் எனக்குப் பயம்."

அவன் கையை அவள் பக்கம் நீட்டி வைத்துவிட்டுத் திரும்பிப் படுத்தான்.