ஹோபார்ட்டுக்குப் போகும் பால்

அன்று காலை டீகன் தன் மகன் நெட்டைக் குளிப்பாட்டியபோது நர்ஸ் கெய்லீன் தன் இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றாள். அதுவரை அவளுடைய கை எப்போதும் டீகனின் கைக்குக் கீழேயே இருக்கும், குழந்தை நழுவினால் தாங்கிக்கொள்ள. இன்று அந்தக் கை இல்லை. டீகன் இடது முன்கையில் மகனின் தலையை ஏந்தி, வலது உள்ளங்கையால் வெந்நீரை அள்ளி அவன் வயிற்றில் விட்டாள். நெட் அழவில்லை. புருவத்தைச் சுருக்கி வாயைக் கோணலாக்கினான்.

“மூஞ்சியப் பாரு! ரிட்டயர் ஆன கப்பல் கேப்டன் மாதிரி இருக்கான். தண்ணி சூடு பத்தலைன்னு மேலிடத்துக்குப் புகார் பண்ணப் போறான்,” என்றாள் கெய்லீன்.

டீகன் சிரித்தாள். குழந்தையைத் துண்டில் சுற்றி நெஞ்சோடு சேர்த்துக்கொண்ட பிறகுதான் கெய்லீன் விஷயத்துக்கு வந்தாள்.

“டாக்டர் காலைல பாத்துட்டுப் போனாரு, கண்ணு. இவனும் ஹாட்டியும் இந்த வாரமே வீட்டுக்குப் போகலாமாம்.”

“மேவ்?”

கெய்லீன் குளியல் தொட்டியைச் சாய்த்துத் தண்ணீரைக் கொட்டினாள். அது முழுவதும் வடிகிற வரை நிமிரவில்லை. “அவளுக்கு இன்னும் நாளாகும்.”

மூன்று பேரும் ஒரே பிரசவத்தில், குறைமாதத்தில் பிறந்தவர்கள். கிங் தீவில் ஒரு மத்தியான வேளையில், பாலாடைக்கட்டி ஆலையில் பெட்டி ஒட்டிக்கொண்டிருந்தபோது டீகனுக்கு வலி எடுத்தது. தீவு நோயாளிகளை ஏற்றிப்போகும் பறக்கும் டாக்டர் சேவையின் விமானம் வந்து அவளைத் தூக்கிக்கொண்டு கடல் தாண்டி ஹோபார்ட் நகரத்துப் பெரிய ஆஸ்பத்திரியில் இறக்கியது. விமானத்தில் கணவனுக்கு இடம் இருக்கவில்லை. ரோவன் மறுநாள் பயணிகள் விமானத்தில் வந்து சேர்ந்தபோது மூன்று குழந்தைகளும் மூன்று கண்ணாடிப் பெட்டிகளுக்குள் இருந்தார்கள். ஒவ்வொரு குழந்தையும் அவனுடைய உள்ளங்கையை விடக் கொஞ்சம்தான் பெரியது.

அன்றிலிருந்து டீகன் ஆஸ்பத்திரிக்கு எதிரில், வெளியூர்த் தாய்மார்களுக்கான விடுதியில் ஓர் அறையில் இருந்தாள். மூன்று குழந்தை பெற்றவளுக்குத் தனிமை ஏது என்று யாருக்கும் தோன்றும். அவள் வாழ்நாளில் அவ்வளவு தனியாக இருந்ததே இல்லை. முதல் வாரங்களில் தன் பிள்ளையைத் தொடவே அனுமதி கேட்க வேண்டியிருந்தது. “இப்பத் தொடலாமா?” என்று கேட்டுவிட்டு, முழங்கை வரை சோப்புப் போட்டுக் கழுவி, பெட்டியின் பக்கவாட்டுத் துளை வழியாக ஒரு விரலை நீட்டுவாள். மூன்று பெட்டிகளும் ஒரே வரிசையில் இருந்தன. எந்தப் பெட்டியின் முன் நாற்காலியைப் போட்டாலும் மற்ற இருவரில் ஒருவராவது கண்ணில் படாமல் போவார்கள். நெட்டோடு இருக்கும்போது மேவின் மானிட்டர் அலறும். மேவிடம் ஓடினால் ஹாட்டிக்குப் பால் நேரம் வந்துவிடும். மாலையில் விடுதிக்குத் திரும்பும்போது, யாரிடமும் ஒழுங்காக இருக்கவில்லை என்ற எண்ணம் மட்டும் அவளோடு ரோட்டைக் கடக்கும்.

பால் எடுக்கும் அறையில் வரிசையாக உட்கார்ந்திருக்கும் பெண்களோடு சிநேகம் உண்டாகும். பம்புகள் ஒரே தாளத்தில் உறுமிக்கொண்டிருக்க, மார்பைத் திறந்துபோட்டுக்கொண்டு வீட்டுக் கதை பேசுவார்கள். பிறகு ஒருநாள் அவர்களில் ஒருத்தி, கார் இருக்கையில் குழந்தையைக் கட்டிக்கொண்டு, பலூனும் கையுமாகப் போய்விடுவாள். போன் பண்ணுகிறேன் என்பாள். டீகனின் அம்மா குவீன்ஸ்லாந்தில், புதுக் கணவனோடு, வேறொரு வெயிலில் இருந்தாள். தினமும் போனில் சிவப்பு இதயப் படங்கள் அனுப்புவாள். டீகனும் ஒரு இதயத்தைத் திருப்பி அனுப்புவாள்.

ரோவனுக்குக் கடற்பாசித் தொழில். புயல் முடிந்ததும் கரையில் ஒதுங்கும் ஆள் உயரத் தண்டுகளைக் கயிறு கட்டி இழுத்து லாரியில் ஏற்றி, காயப்போடும் கூடத்துக்குக் கொண்டுபோவான். குளிர்காலம்தான் அதற்குப் பருவம். அவ்வப்போது வார இறுதியில் வருவான். சட்டை, தலைமுடி எல்லாவற்றிலும் கடல் நாற்றம் இருக்கும். கெய்லீன் அவனை மூன்று தடவை கை கழுவ அனுப்புவாள். ஆரம்பத்தில் ஒருமுறை அவன் துளை வழியாக மேவின் காலைத் தொட்டபோது அவளுடைய மூச்சு நின்று அலாரம் அடித்தது. நர்ஸ் ஓடிவந்து முதுகைத் தேய்த்ததும் சரியானது. குறைமாதக் குழந்தைகளுக்கு இப்படி ஆகும், அதற்கும் உங்கள் கைக்கும் சம்பந்தம் இல்லை என்று எல்லோரும் சொன்னார்கள். அவன் தலையாட்டினான். அதற்குப் பிறகு அவன் கைகள் ஜாக்கெட் பையை விட்டு வெளியே வரவில்லை.

ஆனால் வீட்டில் அந்தக் கைகள் சும்மா இருக்கவில்லை. மூன்று தொட்டில் பூட்டினான். விறகு அடுப்பின் புகைக்குழாயைச் சுத்தம் செய்தான். அவர்களுடைய லாரியில் மூன்று குழந்தை இருக்கைகள் கொள்ளாது என்று கால்பந்து கிளப்பின் பழைய வேனை வாங்கி, அதிலிருந்த வியர்வை நாற்றம் போகும்வரை கழுவினான். எல்லாவற்றையும் படமெடுத்து அவளுக்கு அனுப்பினான். எந்தப் படத்திலும் அவன் இல்லை.

அன்று டாக்டர் டீகனிடம் எல்லாவற்றையும் பொறுமையாக விளக்கினார். நெட்டும் ஹாட்டியும் தாங்களாகவே பால் குடிக்கிறார்கள், எடை ஏறுகிறார்கள். மேவுக்கு இன்னும் மூக்கில் ஆக்சிஜன் வேண்டும், பாலும் குழாய் வழியாகத்தான். தீவிலுள்ள சின்ன ஆஸ்பத்திரியில் அவளை வைத்துப் பார்க்க முடியாது. சளிக்காய்ச்சல் பரவும் காலம் என்பதால், ஒருமுறை வெளியே போன குழந்தைகளைத் திரும்ப வார்டுக்குள் விடமாட்டார்கள். டீகன் இரண்டு பேரோடும் விடுதியில் தங்கலாம். ஆனால் அவள் மேவைப் பார்க்க ரோட்டைக் கடக்கும் நேரத்தில் அந்த இரண்டு பேரோடு யார் இருப்பது?

விடுதிப் படிக்கட்டில் உட்கார்ந்து ரோவனுக்குப் போன் போட்டாள். அவன் பின்னால் காற்று இரைந்தது.

“ரெண்டு பேரையும் கூட்டிட்டு வீட்டுக்கு வந்துரு டீகன். மேவ நர்ஸுங்க பாத்துப்பாங்க. நம்மள விட நல்லாவே பாத்துப்பாங்க.”

“தனியா விட்டுட்டா?”

“தனியா எங்க இருக்கா? வார்டு முழுக்க ஆளுங்க. இத்தனூண்டு புள்ள, அதுக்கு என்ன தெரியப் போகுது?”

“பொறந்ததுலேருந்து அவளுக்குத் தெரிஞ்ச ஒரே வாசனை என்னோடது. நான் வரலன்னா அவளுக்குத் தெரியும் ரோவன்.”

அவள் கொஞ்ச நேரம் காற்றைக் கேட்டாள். பிறகு, முன்யோசனை எதுவும் இல்லாமல், வாயிலிருந்து அது வந்தது.

“அப்ப நீ வா. நீ அவகிட்ட இரு. நான் ரெண்டு பேரக் கூட்டிட்டுப் போறேன்.”

“எனக்கு அதெல்லாம் வராதுடி. நீ பாத்தேல்ல, அன்னிக்கு.”

“எனக்கு மட்டும் வந்துச்சா? ஒவ்வொரு நாளும் பயந்து செத்துட்டுத்தான் உள்ள போறேன். நீ அங்க வேன் கழுவிட்டு இருக்க!”

சொன்னதும் அவளுக்கே உறுத்தியது. வேனைக் கழுவியது குற்றமா? மன்னிப்புக் கேட்க வாயெடுப்பதற்குள் அவன் போனை வைத்துவிட்டான்.

இரண்டு நாள் எந்தத் தகவலும் இல்லை. மூன்றாம் நாள் மத்தியானம் அவள் ரப்பர் பொம்மையின் நெஞ்சை இரண்டு விரலால் அழுத்தி, மூச்சு நின்றால் என்ன செய்வது என்று கற்றுக்கொண்டிருந்தபோது, ரோவன் வார்டு வாசலில் நின்றான். தலைமுடியை ஒட்ட வெட்டியிருந்தான். தோளில் பெரிய பை.

“லாரிய கோரலோட புருஷன் ஓட்டிக்கிறேன்னுட்டான்,” என்றான். கோரல் அவர்களுடைய பக்கத்துப் பண்ணைக்காரி. “ரெண்டு பேர ஒண்ணா சமாளிக்க எனக்கு நிச்சயமா தெரியாது. ஒருத்திகிட்ட சும்மா உக்காந்திருக்கத் தெரியும்னு நெனைக்கிறேன்.”

கெய்லீன் அவனைச் சாய்வு நாற்காலியில் உட்காரவைத்துச் சட்டையைக் கழற்றச் சொன்னாள். “வெக்கப்படாத. இங்க நாங்க பாக்காத தொப்பையா?” மேவைக் குழாய்களோடு அள்ளியெடுத்து அவன் வெறும் நெஞ்சில் கவிழ்த்துப் போட்டு, மேலே போர்வையை மூடினாள். ரோவன் மூச்சுவிடக்கூட அஞ்சினான். உப்பில் வெடித்த அவனுடைய விரல்கள் குழந்தையின் முதுகுக்கு மேலே, தொடாமல், காற்றில் நின்றன.

அலாரம் அடிக்கத்தான் செய்தது. டீகன் பாதி எழுந்துவிட்டாள். கெய்லீன் அவள் தோளைப் பிடித்து உட்கார வைத்தாள். “ரோவன், அவ பாதத்தத் தேயி. பயப்படாம, நல்லா.”

அவன் தேய்த்தான். நெற்றியில் வியர்வை முத்து முத்தாகப் பூத்தது. மேவ் ஒரு சின்ன விக்கலோடு மூச்சை இழுத்தாள். மானிட்டரின் எண்கள் மெல்ல ஏறின.

“அவ்வளவுதானா?” என்றான்.

“அவ்வளவுதான்,” என்றாள் கெய்லீன்.

கொஞ்ச நேரத்தில் மேவ் தூங்கிப்போனாள். வாய் திறந்து, கை இரண்டும் தளர்ந்து, இத்தனை வாரங்களில் டீகன் பார்த்தேயிராத ஒரு தூக்கம். டீகனின் நெஞ்சில் மேவ் எப்போதும் பாலின் வாசனைக்கு அலைந்துகொண்டே இருப்பாள். இந்த நெஞ்சில் அலைவதற்கு ஒன்றும் இல்லை. டீகன் சந்தோஷப்பட வேண்டும். அவள் இதைத்தானே கேட்டாள். ஆனால் நாற்காலியில் அவர்கள் இருவரும் ஒரே சதையாகக் கிடப்பதைப் பார்க்கப் பார்க்க, தான் யாரோ ஒரு வீட்டின் ஜன்னலுக்கு வெளியே நிற்பவள் போலிருந்தது. ஹாட்டிக்குப் பால் நேரம் என்று சொல்லிவிட்டு எழுந்தாள். நேரம் இன்னும் ஆகியிருக்கவில்லை.

கிளம்பும் நாளில் மேவின் காதோரம் குனிந்து ஏதேதோ சொல்ல நினைத்து வைத்திருந்தாள். ஒன்றும் வரவில்லை. “அப்பாவப் படுத்தாத,” என்று மட்டும் சொன்னாள்.

தீவின் ஓடுதளத்தில் கோரல் வேனோடு காத்திருந்தாள். வீட்டில் அடுப்பு மூட்டி வைத்திருந்தார்கள். குளிர்பெட்டி முழுக்க அக்கம்பக்கத்தார் சமைத்துக் கொடுத்த ஆட்டுக்கறியும் மாவுக்குள் மீன் வைத்துச் சுட்ட பண்டமும் இருந்தன. முதல் நாட்களில் வண்டிகள் வந்துகொண்டே இருந்தன. எல்லோரும் ஷூவை வாசலில் கழற்றிவிட்டுச் சாக்ஸோடு உள்ளே வந்து, கை கழுவி, நெட்டையும் ஹாட்டியையும் மாற்றி மாற்றித் தூக்கினார்கள். மேவைப் பற்றிக் கேட்டார்கள், குரலைத் தணித்து. பிறகு வானிலை கெட்டது. வண்டிகள் குறைந்தன. அவள் ஒருவரை மார்பில் போட்டுக்கொண்டு மற்றவரின் தொட்டிலைக் காலால் ஆட்டினாள். மாலையில் ரோவன் போனில் மேவைக் காட்டுவான். இணைப்பு அடிக்கடி உறைந்துபோகும். குழந்தையின் முகம் பாதிக் கொட்டாவியில் நிற்கும். அந்த உறைந்த கொட்டாவியையே பார்த்துக்கொண்டு, ரோவனின் குரல் திரும்பி வரும்வரை காத்திருப்பாள்.

ஒருநாள் டயப்பர் வாங்கக் கடைத்தெருவுக்குப் போனாள். இரட்டைக் குழந்தை வண்டியைத் தள்ளிக்கொண்டு வரிசையில் நின்றபோது, கோல்ஃப் விளையாட வந்த ஒரு வெளியூர் அம்மாள் குனிந்து பார்த்தாள்.

“அட, என்ன அழகு! ரெட்டையா?”

டீகனுக்கு அன்று தூக்கமே இல்லை. பின்னால் ஆட்கள் நின்றார்கள். ஹாட்டி சிணுங்க ஆரம்பித்திருந்தாள்.

“ஆமா,” என்றாள்.

அந்த அம்மாள் வாழ்த்திவிட்டுப் போய்விட்டாள். டீகன் டயப்பரை வாங்கினாள், வேனுக்கு வந்தாள், இரண்டு குழந்தைகளையும் இருக்கையில் மாட்டினாள். ஸ்டியரிங் முன் உட்கார்ந்து சாவியைப் போட்டவள் அதைத் திருப்பவில்லை. ஒரு சொல். அந்தச் சொல்லில் மேவ் இல்லாமல் போய்விட்டாள். இறங்கி ஓடிப்போய் அந்த அம்மாளைத் தேடிப்பிடித்துச் சொல்ல வேண்டும் போலிருந்தது. கடை வாசலில் யாரும் இல்லை. அன்று மாலை ரோவன் போன் செய்தபோது இதைச் சொல்ல வாயெடுத்தாள். அவன் முந்திக்கொண்டு, மேவ் பாட்டிலில் ரெண்டு மடக்கு தானாவே குடிச்சா, அப்புறம் அசந்துட்டா என்றான். அவள் சொல்லவில்லை.

மறுநாள் காலை, மேவுக்காகப் பம்பில் எடுத்து உறைய வைத்திருந்த தன் பால் பைகளையெல்லாம் எடுத்து, ஒவ்வொன்றிலும் மேவின் பெயரைக் கொட்டை எழுத்தில் எழுதி, ஐஸ் பெட்டியில் அடுக்கினாள். ஆஸ்பத்திரியில் தானமாக வந்த பால் இருந்தது, அனுப்பித்தான் ஆக வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. ஓடுதளத்தில் சின்ன விமானம் நின்றுகொண்டிருந்தது. சிங்கி இறால் பெட்டிகளை ஏற்றிக்கொண்டிருந்தார்கள். ஈரமான பெட்டிகளுக்குள் கால்கள் உரசும் சத்தம் கேட்டது. விமானி அவளுக்குத் தெரிந்தவர்தான், ஊர்க் கால்பந்து அணியில் ஆடுபவர். பெட்டியை வாங்கித் தூக்கிப் பார்த்தார்.

“என்ன டீகன், இந்தக் கனம் கனக்குது? பீரா?”

“பால். ஹோபார்ட்டுல ரோவன் வந்து வாங்கிப்பான்.”

அவர் சிரிப்பை நிறுத்தினார். ஓர் இறால் பெட்டியை நகர்த்தி இடம் பண்ணினார். “மேல எதையும் வைக்கல. சரியா?”

“கவுத்துறாதீங்க.”

“என் சீட்டுக்குப் பின்னாலயே இருக்கும்.”

விமானம் ஓடுதளத்தின் கடைசிக்குப் போய்த் திரும்பி, இரைந்துகொண்டு ஓடிவந்து, வேலிக்கு மேலே எழுந்தது. வேனுக்குள் அந்தச் சத்தத்தில் நெட் விழித்து அழுதான். அவன் அழுகையைக் கேட்டு ஹாட்டியும் தொடங்கினாள். டீகன் கம்பிவேலியைப் பிடித்தபடி நின்றாள். அந்த அழுகையில் அவளுக்கு மார்பு கனத்துப் பால் சுரந்து சட்டை நனைந்தது. மேற்கிலிருந்து கடல்காற்று வந்து அந்த ஈரத்தில் சில்லென்று பட்டது. கோட்டை இழுத்து மூடிக்கொள்ளவில்லை. விமானம் தென்கிழக்கே சாய்ந்து, மேகத்துக்குள் ஒருமுறை மறைந்து, மறுபக்கம் சின்னதாக வெளியே வந்தது.