ஹெட் சிஸ்டர் தம்பியின் பார்

ஆண்கள் அறுவைச் சிகிச்சை வார்டில் ஹெட் சிஸ்டர் ஒன்றும் சொல்லாமல் நகர்ந்துவிட்டால் அதற்குப் பெயர் பாராட்டு. கட்டில் கம்பியின் அடிப்பக்கம்வரை விரலை விட்டுத் தடவிப் பார்ப்பாள். அவள் நிற்கிற நேரத்தில் பெரிய டாக்டர்கூடக் கழுவின கையை இன்னொரு முறை கழுவிக்கொள்வார். முப்பது வருட வேலை. அதில் யாரும் குறை என்று ஒரு வரி எழுதியதில்லை. அது அவளுக்குத் தெரியும். அது அவளுக்குத் தெரியும் என்பது எல்லாருக்கும் தெரியும்.

கட்டுப் போடும் அறையில் காலமெல்லாம் நின்ற சீனியர் நர்ஸ் அந்த மாதம் ஓய்வு பெற்றாள். மேடை, மைக், பேச்சு ஒன்றும் கூடாது என்று முன்கூட்டியே சொல்லிவிட்டாள்.

"டூட்டி முடிஞ்சு ஒரு சாயங்காலம், எல்லாரும் காலை நீட்டி உட்கார்ந்து சத்தமா சிரிச்சுப் பேசணும். ஒரு கிளாஸ் பியர் குடிச்சா எவனும் திரும்பிப் பார்க்கக் கூடாது. அப்படி ஒரு இடம் இருந்தா சொல்லுங்க."

இடம் தேடும் வேலையை ஆபரேஷன் தியேட்டர் நர்ஸ் தலையில் கட்டினார்கள். அவள் இரண்டு நாள் போனும் கையுமாக அலைந்துவிட்டு, சாப்பாட்டு அறையில் ஹெட் சிஸ்டர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"சிஸ்டர், ஒண்ணு கிடைச்சிருக்கு. பெரிய இடம் இல்ல, தெருமுனை பார்தான். ரயில்வே கேட் தாண்டி, தையல் கடைக்கு எதிர்ல. போனவங்க எழுதினதைப் படிக்கிறேன், கேளுங்க. 'சூப் பிரமாதம்.' 'நாற்காலி கிரீச்னு கத்துது, எண்ணெய் போடுங்கப்பா.' இது இன்னொரு ஆள்: 'ஓனர் நல்ல மனுசன்தான், ஆனா மூணாவது கிளாஸ் கேட்டா நம்ம முகத்தை உத்துப் பார்த்துட்டுத்தான் குடுக்கிறார். காசு குடுத்துக் குடிக்கிற இடத்துல எதுக்கு இந்தப் பரீட்சை?'"

சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். ஹெட் சிஸ்டர் சிரிக்கவில்லை. கரண்டியைத் தட்டில் வைத்துவிட்டுத் தண்ணீர் குடித்தாள்.

"அந்த இடம் வேணாம்."

"நீங்க போயிருக்கீங்களா சிஸ்டர்?"

அவள் போனதில்லை. ஆனால் அந்த ஓனரை, அவன் பிறந்த மறுநாளிலிருந்து தெரியும். அவளுடைய சொந்தத் தம்பி.

தம்பி முதலில் ஜெராக்ஸ் கடை வைத்தான். திறப்பு விழாவுக்கு ரிப்பன் வெட்டியது அக்கா. ஒன்பது மாதத்தில் மூடியபோது சாமான்களை ஏற்றி இறக்கியதும் அக்கா. அப்புறம் அலங்கார மீன் கடை. அதுவும் அதே வழியில் போனது. விற்காத கண்ணாடித் தொட்டிகள் ஏழு, இன்றைக்கும் அவள் வீட்டுப் பால்கனியில் இருக்கின்றன; ஒன்றில் வெங்காயம், ஒன்றில் செருப்பு, ஒன்றில் பழைய செய்தித்தாள். மூன்றாவதாக அவன் பார் என்று வாயைத் திறந்தபோது அவளுக்குப் பொறுமை போய்விட்டது.

"இந்தத் தடவை திறக்கிறப்பவும் என்னைக் கூப்பிடாதே, மூடுறப்பவும் கூப்பிடாதே."

அவன் கூப்பிடவில்லை. பதினான்கு மாதம் ஆகிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை தவறாமல் பழப்பையோடு வருவான். அக்காவின் முழங்கால் வலி, குழாய் ஒழுகல், ஊர் வம்பு எல்லாம் பேசுவான். பாரைப் பற்றி மட்டும் மூச்சு விடமாட்டான். அவளும் கேட்கமாட்டாள். ஆனால் கேட்காவிட்டாலும் காதைத் தீட்டிக்கொண்டுதான் இருந்தாள். மூடிவிட்டேன் என்று எந்த ஞாயிறும் அவன் சொல்லவில்லை.

"போயிருக்கீங்களா சிஸ்டர்?" என்று தியேட்டர் நர்ஸ் மறுபடியும் கேட்டாள்.

"இல்ல. பார்த்துட்டுச் சொல்றேன்," என்றாள் ஹெட் சிஸ்டர். பார்க்காமல் ஒன்றைத் தள்ளுபடி செய்தாள் என்ற பேர் அவளுக்கு ஆகாது.

மறுநாள் விடுப்பு. சாயங்காலம் நாலு மணிக்கு, சொல்லாமல் கொள்ளாமல் கிளம்பிப் போனாள். தெரு சாதாரணத் தெரு. சைக்கிள் பழுது பார்க்கும் இடம், மருந்துக்கடை, எதிர்ச்சாரியில் தையல் கடை. பாரின் பெயர்ப்பலகையில் ஒரு எழுத்துகூட உதிர்ந்திருக்கவில்லை. வாசலில் யாரும் ஆடிக்கொண்டு நிற்கவில்லை. கதவைத் தள்ளினாள்.

பத்து மேசை. பாதி நிறைந்திருந்தது. வேலை முடித்த ஆட்கள், ஓரமாகச் சீட்டு விளையாடும் வயதான தம்பதி, தனியாகப் புத்தகம் படிக்கும் ஒரு பெண். தம்பியைக் காணோம். பரிமாறுகிற பெண் வந்து, அவள் கேட்பதற்கு முன்பே சொன்னாள்: "தனியாவா வந்திருக்கீங்க? சன்னல் பக்கம் உட்காருங்க. அங்க யாரும் வந்து பேச்சுக் குடுக்க மாட்டாங்க. ஓனர் பின்னாடி பீப்பாய் மாத்திட்டு இருக்கார், இப்ப வந்துடுவார்."

ஹெட் சிஸ்டர் உட்காரவில்லை. நேராகக் கழிவறைக்குப் போனாள். ஒரு இடத்தின் யோக்கியதை அங்கேதான் தெரியும் என்பது அவள் கட்சி. தாழ்ப்பாள் விழுந்தது. விளக்கு எரிந்தது. தரை ஈரமில்லை. கதவுக்குப் பின்னால், பையை மாட்டப் பித்தளையில் ஒரு கொக்கி. இத்தனை வருடத்தில் எத்தனை இடத்தில் பையைப் பல்லால் கடித்துக்கொண்டு நின்றிருப்பாள்! சுவரில் ஒரு தாள்: கழுவிய நேரம், கழுவியவர் கையெழுத்து. கடைசியாக மூன்றரை மணி. வலப்பக்கம் சாய்ந்து விழுகிற அந்தக் கையெழுத்தை அவளுக்கு அடையாளம் சொல்ல வேண்டியதில்லை. அதற்கு 'அ' போடச் சொல்லிக்கொடுத்ததே அவள்தான்.

வாஷ்பேசின் விளிம்பின் அடியில் விரலை விட்டுப் பார்த்தாள். ஒன்றும் ஒட்டவில்லை.

திரும்பி வந்து சன்னலோரம் உட்கார்ந்தாள். எலுமிச்சை சோடா கேட்கலாமா என்று நினைத்தாள். பாரை எடைபோட வந்துவிட்டு எலுமிச்சை சோடா குடித்தால் அது பாதித் தேர்வுதான் என்று பட்டது. சின்ன கிளாஸில் பியரும் ஒரு சூப்பும் சொன்னாள். கிளாஸைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தாள்; கறை இல்லை. சூப்பில் உப்பு ஒரு கல் கூடுதல். அப்பாடா, ஒரு குறையாவது கிடைத்தது என்று மனசு கொஞ்சம் ஆறியது.

அப்போது தம்பி உள்ளிருந்து வந்தான். சட்டைக் கையை முழங்கைவரை மடித்துவிட்டிருந்தான். சன்னல் பக்கம் அவன் பார்க்கவில்லை. கவுன்டர் அருகே ஒரு மேசையில், கழுத்தில் அளவு நாடாவோடு எதிர்க்கடைத் தையல்காரர் உட்கார்ந்திருந்தார். வாய் ஓயாத மனிதர். வறுத்த இறைச்சியை மென்றுகொண்டே, ஒரே அளவைக் கொடுத்து நாலு பேருக்குச் சட்டை தைக்கச் சொன்ன ஒரு வாடிக்கையாளர் கதையை அறை முழுவதற்கும் சொல்லிக்கொண்டிருந்தார். கதையில் அவரே சிரித்தார். சிரித்தவர் பாதியில் நின்றார்.

இருமல் வரவில்லை. சத்தமே வரவில்லை. இரண்டு கையும் கழுத்துக்குப் போனது.

இருமுகிறவனை விட்டுவிடலாம், சத்தம் நின்றவனைத்தான் விடக்கூடாது என்பது ஹெட் சிஸ்டரின் ரத்தத்தில் ஊறியது. நாற்காலி பின்னால் சாய்ந்து விழ, எழுந்தாள். நடுவில் மூன்று மேசை. இரண்டாவதைத் தாண்டும்போதே தம்பி கவுன்டர் பலகையைத் தூக்கிவிட்டு வெளியே வந்திருந்தான்.

"தொண்டையில சிக்கிடுச்சா? தலையை ஆட்டுங்க."

தையல்காரர் தலையை ஆட்டினார். முகம் கறுத்துக்கொண்டு வந்தது. தம்பி அவரை முன்னால் குனியவைத்து, ஒரு கையால் மார்பைத் தாங்கிக்கொண்டு, மறு உள்ளங்கையின் அடிப்பாகத்தால் தோள்பட்டைகளுக்கு நடுவே அடித்தான். ஒன்று, இரண்டு, ஐந்து. வரவில்லை. பதறவில்லை அவன். பின்னால் போய் நின்று இரண்டு கையாலும் அவரைச் சுற்றிக் கட்டினான். முஷ்டி தொப்புளுக்கு மேலே, விலா எலும்புக்குக் கீழே, எங்கே இருக்க வேண்டுமோ அங்கே இருந்தது. உள்ளே தள்ளி மேலே ஒரு இழுப்பு. இன்னொன்று. மூன்றாவதில் இறைச்சித் துண்டு தெறித்து மேசைமேல் விழுந்தது. தையல்காரர் பெரிதாக மூச்சை இழுத்தார். அந்தச் சத்தம் அறைக்கே மூச்சு வந்தது போல் இருந்தது.

ஹெட் சிஸ்டர் இரண்டு அடி தள்ளி, கைகளைத் தயாராக நீட்டியபடி நின்றுகொண்டிருந்தாள். அந்தக் கைகளுக்கு வேலை இருக்கவில்லை. வயிற்றை அழுத்தி எடுத்திருக்கிறான், உள்ளே அடிபட்டிருக்கலாம், ஆஸ்பத்திரிக்கு அனுப்பச் சொல்ல வேண்டும் என்று வாயைத் திறந்தாள். தம்பி முந்திக்கொண்டான்.

"நல்லாத்தான் இருக்கீங்க. ஆனாலும் வயித்தை அமுக்கியிருக்கேன், டாக்டர் ஒரு தடவை பார்த்துடணும். டாக்சி சொல்றேன். சமையல்கார அண்ணன் உங்க கூட வருவார்."

"கடையைத் திறந்து போட்டுட்டு வந்திருக்கேன்," என்றார் தையல்காரர், கரகரத்த குரலில்.

"நான் பூட்டிக்கிறேன். நீங்க கிளம்புங்க."

டாக்சி போனபிறகுதான் அவன் திரும்பினான்.

"அக்கா? நீ எப்ப வந்தே?"

சொல்லும்போதே பக்கத்து மேசையைப் பிடித்துக்கொண்டான். அவள் விழுந்து கிடந்த நாற்காலியை நிமிர்த்தி, அவனை அதில் உட்காரவைத்து, தன் சூப் கிண்ணத்தை அவன் பக்கம் தள்ளினாள். மணிக்கட்டைப் பிடித்தாள். நாடி குதிரை ஓட்டம் ஓடியது.

"இதை எங்கடா கத்துக்கிட்ட?"

"உங்க ஆஸ்பத்திரியிலதான். புதன்கிழமை முதலுதவி வகுப்பு நடக்குமே."

"புதன்கிழமை எனக்கு லீவு."

"அதான் புதன்கிழமையில சேர்ந்தேன்." அவன் சூப்பைப் பார்த்துக்கொண்டே சொன்னான். "முதல் தடவை ஃபெயில். அந்த ரப்பர் பொம்மையை நான் அமுக்கின அமுக்குல, 'நிஜ ஆளா இருந்தா உன் மேல கேஸ் போட்டிருப்பான்யா'ன்னு வாத்தியார் சொன்னார். உன் தம்பின்னு தெரிஞ்சா உனக்குத்தானே அசிங்கம். யார்கிட்டயும் சொல்லல. மறுபடி சேர்ந்து பாஸ் பண்ணிட்டேன்."

"பாஸ் பண்ணினப்பவாவது சொல்லியிருக்கலாமே."

"கூப்பிடாதேன்னு சொல்லியிருந்தியே அக்கா."

நாடி அடங்கிவிட்ட பிறகும் அவள் மணிக்கட்டை விடவில்லை. சீட்டு விளையாடிய தம்பதியில் அந்த அம்மாள் எழுந்து வந்து, "நீங்க இவருக்கு என்ன வேணும்?" என்று கேட்டாள்.

"நான் ஓனரோட அக்கா," என்றாள் ஹெட் சிஸ்டர். சொன்ன பிறகுதான் தன் குரல் எவ்வளவு உரக்க வந்தது என்று அவளுக்கே தெரிந்தது. பக்கத்து மேசைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். பார்க்கட்டும் என்று இருந்தாள்.

மறுநாள் சாப்பாட்டு அறையில் தியேட்டர் நர்ஸ் கேட்பதற்கு முன்பே அவள் ஆரம்பித்தாள்.

"அடுத்த வியாழக்கிழமைக்குப் பதினாலு பேருக்கு இடம் சொல்லிட்டேன். நாற்காலி கிரீச்சிடுறது உண்மைதான். சூப்புல உப்பு ஒரு கல் கூட. கழிவறை நம்ம வார்டைவிடச் சுத்தம்." இந்த இடத்தில் பாதிப் பேர் சாப்பிடுவதை நிறுத்திவிட்டார்கள். "ஓனர் என் தம்பி. அதுக்காகச் சொல்லல. போய்ப் பார்த்துட்டுச் சொல்றேன்."

அந்த வியாழக்கிழமை பதினாலு பேரும் போனார்கள். மேசைகளைச் சேர்த்துப் போட்டு, ஓய்வு பெற்றவளை நடுவில் உட்காரவைத்தார்கள். கட்டுப் போடும்போது தன்னைக் கடித்த நோயாளிகளின் பட்டியலை அவள் எடுத்துவிட, சிரித்துச் சிரித்து எல்லாருக்கும் வயிறு வலித்தது. பக்கத்து மேசையில் ஒருவரும் முகம் சுளிக்கவில்லை. ஒரு ஆள் தன் நாற்காலியையே தூக்கிக் கொடுத்துவிட்டு நின்றுகொண்டே குடித்தார்.

ஆறரை மணிக்குத் தையல்காரர் வந்தார். டாக்டர் ஒன்றுமில்லை என்று சொல்லி அனுப்பியிருந்தார். வந்திருப்பது நர்ஸ்கள் கூட்டம் என்று தெரிந்ததும் அவருக்குக் கொண்டாட்டம். உட்காராமலே ஆரம்பித்தார். இறைச்சித் துண்டு இதற்குள் கோழி முட்டை அளவு வளர்ந்திருந்தது. கண் இருட்டியதையும், தம்பி பாய்ந்து வந்ததையும் நடித்தே காட்டினார். தம்பி கவுன்டருக்குப் பின்னால், துடைத்த கிளாஸையே மறுபடி மறுபடி துடைத்துக்கொண்டிருந்தான். கதையின் நடுவில் தையல்காரர் ஹெட் சிஸ்டரை அடையாளம் கண்டுகொண்டார்.

"அட, இந்தம்மா அன்னைக்கு இங்கதான் இருந்தாங்க. எதிர்லயே நின்னாங்க. கையை நீட்டிக்கிட்டு, ஒண்ணும் பண்ணாம, அப்படியே நின்னுட்டிருந்தாங்க. பயந்துட்டாங்க, பாவம்."

முப்பது வருடத்தில் ஹெட் சிஸ்டரை யாரும் அப்படிச் சொல்லிக் கேட்டதில்லை. தியேட்டர் நர்ஸ் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"நீங்களா சிஸ்டர்? சும்மா நின்னீங்களா?"

ஹெட் சிஸ்டர் கிளாஸைக் கீழே வைத்தாள்.

"நான் எதுக்கு?" என்றாள். "அவன் சரியாத்தானே பண்ணிட்டிருந்தான்."

சொல்லிவிட்டுக் கவுன்டர் பக்கம் திரும்பி, தம்பியைப் பார்த்து இன்னும் ஒரு கிளாஸ் கேட்டாள். அது அவளுக்கு மூன்றாவது. தம்பி அக்காவின் முகத்தைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தான். பார்த்துவிட்டு, பாதி கிளாஸ் மட்டும் ஊற்றிக் கொடுத்தான். அவள் மறுபேச்சு பேசாமல் வாங்கிக்கொண்டாள்.