மண்ணெண்ணெயில் ஏறிய மேடு

தோட்டத்தில் வெள்ளைக்காரத் துரையை விட்டால் கார் வைத்திருந்தவர், கூலிகளுக்கு வைத்தியம் பார்க்கும் டிரெஸ்ஸர் குலசிங்கம் ஒருவர்தான். யாழ்ப்பாணத்துக்காரர். நோயாளியின் நாடியைப் பிடிப்பதைவிட அந்தப் பழைய காரைத் துடைப்பதில்தான் அவருக்கு அக்கறை என்று கூலிகள் குடியிருந்த லயத்தில் கேலி பேசுவார்கள். சீல் உடைக்காத டின்னில் வரும் முதல்தரப் பெட்ரோலைத் தவிர வேறெதையும் அதன் கண்ணில் காட்ட மாட்டார். கண்ட எண்ணெயை ஊற்றினால் இன்ஜினுக்கு வயிற்றுக்கடுப்பு வரும் என்பார்.

ஒருநாள் காலை, பிரசவ வலி கண்ட லயத்துச் செல்லாயிக்குப் பிள்ளை வயிற்றில் குறுக்கே கிடந்தது. வயிற்றைத் தொட்டதுமே இது தன் கைக்கு அடங்காது என்று குலசிங்கத்துக்கு விளங்கிவிட்டது. சுங்கைப்பட்டாணி ஆஸ்பத்திரியில் டாக்டர் அறுத்து எடுத்தால்தான் உண்டு. துரை தன் காரோடு பினாங்குக்குப் போயிருந்தார். மாட்டுவண்டி போய்ச் சேர்வதற்குள் எல்லாம் முடிந்துவிடும்.

டிரெஸ்ஸரின் காரிலோ பெட்ரோல் அடியில் கொஞ்சம்தான் கிடந்தது. மழையால் கடைக்குப் புது டின்கள் வரவில்லை. விளக்குக்கு வைத்திருந்த மண்ணெண்ணெய் மட்டும் தாராளமாக இருந்தது. மிச்சப் பெட்ரோலில் இன்ஜினைக் கிளப்பி, நன்றாகச் சூடேறவிட்டு, அப்புறம் மண்ணெண்ணெயைக் கலந்தால் வண்டி ஓடும். ஆனால் வழியில் நிற்கக் கூடாது. நின்று சூடு இறங்கினால் மறுபடி கிளம்பாது. குலசிங்கம் மனதைக் கல்லாக்கிக்கொண்டு தகரத்தைக் கவிழ்த்தார்.

செல்லாயியின் புருசன் அம்மாசி அவள் தலையை மடியில் தாங்கிப் பின்சீட்டில் உட்கார்ந்தான். "நடுவில எங்கயும் நிக்கேலாது, விளங்குதோ?" என்று அவனிடம் கண்டிப்பாகச் சொல்லிவிட்டுத்தான் குலசிங்கம் வண்டியை எடுத்தார்.

வழியில் சுங்கை லாலாங் ஊருக்கு முன்னால் ஒரு மேடு. அதன் அடிவாரத்தில் முனியாண்டி கோயில். அந்த வழியாகப் போகிற எந்த வண்டியும் அங்கே நின்று சூடம் கொளுத்தாமல் போனதில்லை. மேட்டில் ஏறத் தொடங்கியதுமே இன்ஜின் இடித்தது, இருமியது, புகையைக் கக்கியது. கார் நத்தையாக ஊர்ந்தது. அம்மாசி கோயிலைப் பார்த்துக் கைகூப்பினான். "ஐயா, நா எறங்கிக்கிறேன்" என்றவன், மனைவியின் தலையைத் துணிமூட்டையில் சாய்த்துவிட்டுக் குதித்துவிட்டான்.

குலசிங்கத்துக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பெண்டாட்டி சாகக் கிடக்கிறாள், இந்தப் பயலுக்கு இப்போது சூடம் கேட்கிறதா! திரும்பிப் பார்க்கவும் அவருக்கு மனமில்லை. நல்லகாலம், மண்ணெண்ணெய்க்கே ரோசம் வந்ததுபோல் கார் உந்தி உந்தி உச்சியைத் தொட்டு, இறக்கத்தில் பாய்ந்தது.

"அவரு எங்கய்யா?" என்று செல்லாயி ஈனக்குரலில் கேட்டாள்.

"உன்ர புருசன் சாமி கும்பிட இறங்கிட்டான்" என்றார், வெறுப்பாக.

அதற்குப் பிறகு அவள் முனகக்கூட இல்லை.

கார் ஆஸ்பத்திரி வாசல் வரைக்கும் நிற்காமல் ஓடியது. டாக்டர் பிள்ளையை உயிரோடு எடுத்தார். தாயைக் காப்பாற்ற முடியவில்லை.

மதியம் தாண்டி அம்மாசி ஓடிவந்து சேர்ந்தான். அவனை நாலு வார்த்தை கேட்டுவிடத்தான் குலசிங்கம் வாசலில் காத்திருந்தார். ஆனால் அவன் முகத்திலும் மார்பிலும் சக்கரம் வாரியடித்த சேறு அப்பிக் கிடந்தது.

"வண்டி மேடு ஏறாதுன்னு தெரிஞ்சிச்சுங்கய்யா. எம் பாரமாச்சும் கொறையட்டும்னு குதிச்சேன். உச்சி வரைக்கும் பின்னால நின்னு தள்ளுனேன். அப்புறம் ஓடிப் புடிக்க முடியல" என்றான் மூச்சிரைக்க. பிறகுதான் டிரெஸ்ஸரின் முகத்தைப் பார்த்தான். அவர் சொல்லாமலே அவனுக்குப் புரிந்துவிட்டது. அப்படியே படியில் உட்கார்ந்தான்.

"என்னயக் கேட்டாளா?" என்றான்.

"கேட்டவள்."

"என்ன சொன்னீங்க?"

குலசிங்கத்துக்குத் தன் வாயிலேயே அறைந்துகொள்ள வேண்டும் போலிருந்தது. சொன்ன சொல் சொன்னதுதான். அதைத் திருப்பி எடுக்க அவள் இல்லை.

"நீ பின்னால நிண்டு தள்ளுறாய் எண்டு சொன்னனான்."

அம்மாசி தலையை ஆட்டினான். "அப்ப தெரிஞ்சுதான் போயிருக்கா" என்றான்.