ரோதனை

மண்ணரையில் ஒரு பனியன் கம்பெனியில் அமராவதிக்குப் பிசிறு வெட்டும் வேலை. தைத்து வரும் பனியன்களில் தொங்கும் நூலைச் சின்னக் கத்தரியால் வெட்டி அடுக்க வேண்டும். கத்தரி மழுங்கினால் அவளுக்கு ரோதனை. பல்லடம் பஸ் நிற்காமல் போனால் ரோதனை. மழை பெய்தால் துணி காயாத ரோதனை, பெய்யாவிட்டால் தண்ணீர் ரோதனை. அந்தச் சொல் தன் வாயில் எத்தனை தடவை வருகிறது என்று அவளே கவனித்ததில்லை.

பக்கத்தில் உட்கார்ந்து வேலை செய்த குந்தலா கவனித்தாள். ஒடிசாவிலிருந்து வந்து அப்போதுதான் தமிழ் பழகிக்கொண்டிருந்தாள். காதில் விழும் சொற்களில் இது ஒன்றுதான் ஏற்கெனவே தெரிந்த சொல்லாக இருந்தது. அவளுடைய ஒடியாவில் ‘ரோதன’ என்றால் அழுகை. இந்த ஊரில் கத்தரி அழுகிறது, பஸ் அழுகிறது, மழையும் அழுகிறது என்று நினைத்துக்கொண்டாள். மெஷின் இரைச்சலில் கண் சொருகும் நேரங்களில் அதெல்லாம் உண்மைதான் என்றும் தோன்றும். இந்த அக்காவுக்கு உள்ளே எவ்வளவு துக்கமோ என்று, தான் கொண்டுவரும் பொரியில் ஒரு கை அள்ளி அமராவதி பக்கம் நகர்த்தி வைப்பாள்.

ஐப்பசியில் ஒரு மத்தியானம் கரண்ட் போனது. ஜெனரேட்டரும் கிளம்பவில்லை. மெஷின்கள் எல்லாம் ஒன்றாக அடங்கின. ஜன்னல் வெளிச்சத்தில் பஞ்சுத்தூசி ஏறவும் இல்லாமல் இறங்கவும் இல்லாமல் மிதந்தது. பெண்கள் துணிக் குவியல்மேல் சாய்ந்துகொண்டார்கள். மேகம் வரும்போது கூடம் இருண்டது. விலகும்போது மெதுவாக வெளுத்தது.

“அக்கா, ஊட்டுல யாரு இருக்காங்க?” என்று கேட்டாள் குந்தலா.

“பையன் குணா கோயமுத்தூர்ல வேலைல இருக்கறான். அவங்கப்பா பங்குனில தவறிட்டாரு கண்ணு.”

வேலையில்லாத கையை மடியில் வைத்துக்கொண்டு அமராவதி பேசினாள். பல்லடத்தில் தறி ஓட்டிய மனுசன், பேர் சாமியப்பன்.

“காப்பி சூடாக் குடுத்தா சுடுதும்பாரு. ஆத்திக் குடுத்தா ஆறிப்போச்சும்பாரு. கண்ணாடியத் தலைல மாட்டிக்கிட்டு ஊடெல்லாம் தேடுவாரு. நான் ஃபேனப் போட்டா நிறுத்துவாரு, மறுக்காப் போட்டா மறுக்கா நிறுத்துவாரு. இருந்த வரைக்கும் ஒரே ரோதனை.” கொஞ்ச நேரம் தூசியைப் பார்த்தாள். “இப்ப அந்த ரோதனையும் இல்ல.”

கடைசி வரி குந்தலாவுக்கு முழுதாகப் புரிந்தது. இப்போது இவளுக்கு அழுகைகூட இல்லை.

“அது தப்பு அக்கா. ரோதனை வேணும். பண்ணுங்க, நான் பக்கத்துல இருக்கேன்.”

“என்னத்தப் பண்ணச் சொல்ற?”

குந்தலா தன் கண்ணிலிருந்து தாடை வரைக்கும் விரலால் கோடு இழுத்துக் காட்டினாள்.

அமராவதி சிரித்துவிட்டாள். “அட, அதில்ல கண்ணு! ரோதனைன்னா தொந்தரவு. இந்த நூலு சிக்கிக்குதே, அந்த மாதிரி. ஒருத்தரு நம்மளப் போட்டுப் படுத்தறது. எப்படா விட்டுப் போகும்னு இருக்கும். ஆனா…”

அவர் காரியம் நடந்த நாள் நினைவுக்கு வந்தது. அன்று வந்தவர்களுக்கெல்லாம் டீ ஊற்றிக் கொடுத்துக்கொண்டிருந்தாள். சொட்டுக் கண்ணீர் விடவில்லையே என்று சொந்தக்காரர்கள் பேசியது காதில் விழுந்தது. அதற்குப் பிறகு வீட்டில் ஃபேன் விடிய விடிய ஓடுகிறது. எழுந்து நிறுத்த ஆளில்லை, அவள் அதைக் கேட்டுக்கொண்டு விழித்துக் கிடக்கிறாள்.

முதலில் உதடு கோணியது. பிறகு ஒரு பனியனை எடுத்து முகத்தில் பொத்திக்கொண்டாள். குந்தலா சொன்னபடியே பக்கத்தில் இருந்தாள். அமராவதி வெகுநேரம் அழுதாள். அயர்ன் டேபிளிலிருந்து மயிலாள் தண்ணீர் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனாள்.

கரண்ட் வரவே இல்லை. எல்லாரையும் முன்னதாகவே போகச் சொல்லிவிட்டார்கள். அமராவதி பஸ்ஸுக்குப் போகாமல் குந்தலாவோடு அவள் அறைக்கு நடந்தாள். தண்ணீர் ஊற்றிய சோறும் சுட்ட கத்திரிக்காய் மசியலும் சாப்பிட்டாள். பாயில் சும்மா சாய்ந்தவள் அப்படியே தூங்கிப்போனாள். வெளியே யாரோ இந்தியில் மெதுவாகப் பாடிக்கொண்டிருந்தார்கள்.

விளக்கு வைக்கும் நேரத்தில் குணா போன் செய்தான். “எங்கம்மா இருக்கற? ரெண்டு தடவ கூப்பிட்டேன்.”

“ஒரு புள்ளையோட ரூம்ல இருக்கறன் சாமி,” என்றாள். “நல்லாத் தூங்கிட்டேன்.”