மேலே இருப்பவரின் கண்

வீடியோவ முழுசா குடுங்க சார், வெட்டாம, ஆரம்பத்துலேர்ந்து கடைசி வரைக்கும்... கேட்டேவிட்டாள் அகல்யா. அண்ணனுக்குக் கடலில் நடந்ததில் எதைக் கேட்கவே கூடாது என்று அம்மா ஐந்து மாதமாகத் தலையில் அடித்துக்கொண்டு சொன்னாளோ அதை, முகப்பேர் அடுக்ககத்தின் நீச்சல்குளத்து ஓரத்தில் நின்று, ஞாயிற்றுக்கிழமை காலை ஏழரை மணிக்கு, எட்டுப் பேர் ஈரத் தலையோடு பார்த்துக்கொண்டிருக்க, காலில் செருப்போடு. செருப்பைக் கழற்றிவிட்டு வரவும் என்று பலகை இருக்கிறது, இருக்கட்டும். கிருபாகரன் சாரின் முகத்தில் ஒன்றும் மாறவில்லை, கழுத்தில் தொங்கிய ஸ்டாப் வாட்சை மட்டும் ஒரு தடவை தொட்டுக்கொண்டார். "இன்னா வேணா கேளுடி, அத்த மட்டும் அவராண்ட கேட்றாத, உங்கண்ணன தோள்ல தூக்கினு ஓடியாந்து ஆஸ்பத்திரில சேத்த மன்சன், உனக்கு வேல வாங்கிக் குடுத்த மன்சன்"... அம்மா நாகவல்லிக்கு நன்றி என்பது காய்ச்சல் மாதிரி, ஏறினால் இறங்காது. நெமிலிச்சேரியில் அடுத்தவர் வயலில் களை பறிக்கக் குனிந்தவள், வயலெல்லாம் மனையான பிறகு அம்பத்தூர் எஸ்டேட்டில் தரை துடைக்கக் குனிந்தவள், சரி, அவள் குனிந்தாள், நானும் குனிய வேண்டுமா, அதற்கா நாலு வருஷம் இன்ஜினியரிங், வீட்டிலேயே முதல் டிகிரி? அடுத்த மாதம் அகல்யாவின் வேலையை நிரந்தரமாக்கும் தாளில் கையெழுத்துப் போட வேண்டியவர் இதே கிருபாகரன் சார்தான், கம்பெனியின் ப்ரொடக்‌ஷன் மேனேஜர். தெரியும். தெரிந்துதான் கேட்டாள்.

அவருக்குப் பின்னால் சுவரில் ஃப்ளெக்ஸ். கடலில் மூச்சடக்கி ஈட்டியால் பெரிய மீன் பிடிக்கக் கற்றுக்கொள்ளுங்கள் என்று கொட்டை எழுத்து, கீழே ஃபைபர் படகில் உட்கார்ந்து அவர் ஒரு வஞ்சிரத்தைக் குழந்தை மாதிரி மடியில் கிடத்தியிருக்கிறார், தலை ஒரு தொடையைத் தாண்டுகிறது, வால் இன்னொரு தொடையைத் தாண்டுகிறது. அது என் அண்ணன் அடித்த மீன். உத்தமன் அடித்த மீன். எஸ்டேட்டில், இதே கம்பெனியின் பட்டறையில் லேத் ஓட்டிக்கொண்டிருந்தவன் அவன், ஈட்டித் துப்பாக்கிக்குக் கம்பி கடைந்து தரச் சொல்லி முதலில் இவர்தான் கூப்பிட்டார், இத்தாலியிலிருந்து வரவழைத்த கறுப்பு ஈட்டி ஒன்றுதான் அவரிடம் இருந்தது, உத்தமன் கடைந்த ஈட்டி அதைவிட நேராகப் போனது. ஒவ்வொரு ஈட்டியின் பின்முனையிலும் மூன்று மெல்லிய வளையக் கோடு போடுவான், எதுக்குடா என்றால் அழகுக்கு என்பான். அப்புறம் ஞாயிற்றுக்கிழமைகளில் கூடவே படகில் கூட்டிப்போனார். இவருக்கு மூன்று நிமிஷம் மூச்சு தாங்கும், அவனுக்கு நாலரை. "கடல்ல சார் கீர்லாம் கெடையாது, மச்சான்னே கூப்புடு" என்று சொன்னாராம், அன்றைக்கு வீட்டுக்கு வந்து உத்தமன் சோறு தின்னாமல் அதையே சொல்லிக்கொண்டிருந்தான், "ரெண்டு தபா மச்சான்னேன் அகல்யா, ஒண்ணியும் சொல்லல." திங்கட்கிழமை பட்டறையில் டேய் உத்தமா, ஞாயிற்றுக்கிழமை தண்ணீரில் மச்சான். வாரத்தில் ஒரு நாள் மச்சானாக இருப்பதற்காக ஒருத்தன் எவ்வளவு ஆழம் போவான்? அவன் போனான்.

வீட்டில் மூச்சடக்கப் பழகும்போது அகல்யாதான் காவல். அவன் பாயில் குப்புறப் படுத்து மூச்சை அடக்குவான், அவள் மடியில் செமஸ்டர் புத்தகம், கண் சுவர்க் கடிகாரத்தில், அரை நிமிஷத்துக்கு ஒரு தடவை தோளில் தட்ட வேண்டும், அவன் ஆள்காட்டி விரலைத் தூக்கிக் காட்ட வேண்டும். விரல் வரவில்லையென்றால் உடனே இன்னொரு தட்டு, அதற்கும் வரவில்லையென்றால் யோசிக்கக் கூடாது, தூக்கிவிட வேண்டும். "கீழ இருக்கறவன் மீன பாப்பான், மேல இருக்கறவன் அவன பாப்பான், அவ்ளோதான் சட்டம். எம்மாம் பெரிய மீன் வந்தாலும் மேல இருக்கறவன் எறங்கக் கூடாது. அவன் மேல வந்த பெறகும் முப்பது எண்ற வரிக்கும் கண்ண எடுக்கக் கூடாது, மயக்கம் கீழ வராது, மேல வரச்சொல்லோதான் வரும்." இவ்வளவும் தெரிந்தவன், தங்கச்சிக்குப் பாடம் எடுத்தவன், பங்குனி மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில் யாரிடமும் சொல்லாமல் இறங்கிவிட்டானாம். சார் சொன்னது அது. நான் போட்டுல சிக்குன கயிற எடுத்துட்டு இருந்தேம்மா, பெரிய மீனப் பாத்ததும் பையனுக்குப் பேராச, சொல்லாம எறங்கிட்டான்... பேராசை. அந்த ஒரு வார்த்தை பட்டறை முழுக்கச் சுற்றி, தெரு முழுக்கச் சுற்றி, கடைசியில் அம்மாவின் வாய்க்கே வந்துவிட்டது, கொழுப்பெடுத்துப் போனான் என்று அவளே அக்கம்பக்கத்தில் சொல்கிறாள். படகோட்டி கன்னியப்பனைத் தேடிப்போய்க் கேட்டதற்கு, "நான் இன்ஜின பாத்துகினு இருந்தேம்மா" என்றார், அவளைப் பார்க்காமல் வலையைப் பார்த்துக்கொண்டே.

தண்ணீரில் மயங்கி மூளைக்குக் காற்றில்லாமல் கிடந்தும் உத்தமன் சாகவில்லை. அதுதான் எல்லாருக்கும் ஆறுதல், சாகலையே. முடி கனத்துக்கு இரும்பைச் சீவிய கை இப்போது சட்டைப் பொத்தானைத் தேடித் தேடி விட்டுவிடுகிறது, ஒரு பேச்சைத் தொடங்கினால் நடுவில் அது எங்கே போனது என்று கூரையைப் பார்க்கிறான். சார் மாதம் ஒரு தடவை ஆப்பிளோடு வந்து பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காருவார், அவன் முகமெல்லாம் சிரிப்பாக மச்சான் என்பான், அவரும் சரி சரி என்று தட்டிக்கொடுப்பார். வீட்டிலும் இப்போது மச்சான்தான், இனி டேய் உத்தமா என்று கூப்பிட லேத்தில் அவன் இல்லையே. அந்தச் சிரிப்பைப் பார்க்கும்போதெல்லாம் அகல்யாவுக்கு ஆப்பிளை ஒவ்வொன்றாக அவர் முகத்தில் எறிய வேண்டும் போலிருக்கும், குறி பார்த்து, ஒன்றுகூடத் தவறாமல். எறியவில்லை. நறுக்கித் தட்டில் வைத்துக் கொடுத்தாள், அவருக்கும் ஒரு துண்டு.

பிறகு போன வாரம் அந்த விளம்பரம், பதினாலு நொடி. வகுப்பில் சேரச் சொல்லி அவரே போனில் எல்லாருக்கும் அனுப்பியது, அவர் நெற்றிக் கேமராவில் எடுத்தது. நீலத் தண்ணீர், வஞ்சிரம் ஓடுகிறது, அதன் விலாவில் ஏற்கெனவே ஓர் ஈட்டி, வலப்பக்கமிருந்து கறுப்பு ஈட்டி வந்து இரண்டாவதாகப் பாய்கிறது, பாட்டு, முடிந்தது. கம்பெனியில் அவள் வேலையே சோதனைதான், ஒரு நாளைக்கு நானூறு உருப்படி, கண்ணுக்குத் தெரியாத கீறலைக் கண்டுபிடித்து ஒதுக்குவது. அந்தப் பதினாலு நொடியையும் அப்படித்தான் பார்த்தாள், நிறுத்தி நிறுத்தி, ஒவ்வொரு படச் சட்டமாக. முதல் ஈட்டியின் பின்முனையில் மூன்று கோடு. இடது மேல் மூலையில், பதினோரு சட்டத்துக்கு மட்டும், மஞ்சள் நிறத்தில் ஒரு நீச்சல் துடுப்பு, உத்தமனுடையது, மேலே போய்க்கொண்டிருக்கிறது, ஆறாவது சட்டம் வரை உதைக்கிறது, ஏழாவதிலிருந்து உதைக்கவில்லை. பன்னிரண்டாவதில் கேமரா மீன் பக்கம் திரும்பிவிடுகிறது. படகில் கயிறு சிக்கெடுத்தவரின் நெற்றி கடலுக்குள் என்ன செய்தது? மேலே இருக்க வேண்டியவர், கண்ணை எடுக்கக் கூடாதவர், மீன் தப்பிவிடுமே என்று இறங்கியிருக்கிறார். அதற்குப் பிறகு எவ்வளவு நேரம் திரும்பவில்லை? பத்து நொடியா, ஒரு நிமிஷமா, மீன் அடங்குகிற வரையா? அவளுக்கு அந்த எண் வேண்டும். வேறு எதுவும் வேண்டாம், அந்த எண்.

"அந்த கார்டுல உப்புத்தண்ணி பூந்துருச்சும்மா, எல்லாம் போச்சு" என்றார் கிருபாகரன் சார், மெதுவாக, எல்லாருக்கும் கேட்கிற மாதிரி மெதுவாக. பதினாலு நொடி மட்டும் உப்புப் படாமல் தப்பியதா என்று கேட்க அவள் வாயெடுத்தாள், அதற்குள் அவர் பழகுநர்கள் பக்கம் திரும்பி, இவ நம்ம உத்தமன் தங்கச்சி, நம்ம பொண்ணு, மூச்சுக்குக் காவல் இருக்கறதுல கில்லாடி என்று அறிமுகம் செய்துகொண்டிருந்தார், எவ்வளவு அழகாகச் செய்கிறார், கோபத்தோடு வந்தவளைக் குடும்பத்தில் ஒருத்தி ஆக்கிவிட்டார். நான் இப்ப நாலு நிமிஷம் செஞ்சு காட்டறேன், அகல்யா பாத்துக்கட்டும், எப்படிப் பாக்கணும்னு நீங்க அவளப் பாருங்க என்றார். ஸ்டாப் வாட்சைக் கழற்றி நிஷா என்ற பெண்ணிடம் கொடுத்தார், ஐ.டி. கம்பெனிக்காரி, நகத்தில் மருதாணி. மறுப்பேன் என்று எதிர்பார்த்தாரா, அழுதுகொண்டே போய்விடுவேன் என்றா? அவள் செருப்பைக் கழற்றினாள். சுடிதாரோடு இறங்கினாள், தண்ணீர் இடுப்பளவு, துப்பட்டா மிதந்து வந்து அவர் கையில் பட்டது, சுருட்டித் தோளில் போட்டுக்கொண்டாள்.

அவர் முகத்தைத் தண்ணீருக்குள் வைத்துக் குப்புற மிதந்தார். முதுகு அகலமான முதுகு, மேசைக்குப் பின்னால் உட்கார்ந்தே வளர்ந்த முதுகு, பிடரியில் ஒரு மச்சம். அரை நிமிஷம், தட்டினாள், விரல் வந்தது. ஒன்று, வந்தது. ஒன்றரை. இந்த விரலை நீட்டித்தானே பேராசை என்றார், ரெண்டு, வந்தது, தட்டுகிற கை என் கை, பழகிய கை, அதற்கு இது யார் தோள் என்று தெரியாது. ரெண்டரை. அம்மா இப்போது ரேஷன் வரிசையில் நிற்பாள், உத்தமன் பொத்தானோடு சண்டை போட்டுக்கொண்டிருப்பான். மூன்று, விரல் வந்தது, கொஞ்சம் லேட்டாக. இவருடைய அளவு மூன்றுதானே, எட்டுப் பேருக்கு முன்னால் நாலு என்று சொல்லியாகிவிட்டது, இனி எப்படி எழுந்திருப்பார், யாருக்கு இப்போது பேராசை? மூன்றரை. விரல் பாதி எழுந்து மடங்கியது. அவர் வயிறு மூச்சுக்குத் தவித்துக் குதித்தது, தண்ணீரில் சின்ன வளையங்கள். நிஷா உரக்கச் சொன்னாள், நாலு. தட்டினாள். விரல் இல்லை. உடனே இன்னொரு தட்டு. இல்லை. தூக்கு. கை தோளில்தான் இருக்கிறது, தூக்கு. ஒரு நொடி... எவ்வளவு அமைதியாக இருக்கிறார், இவ்வளவு நல்ல மனிதராக இவரைப் பார்த்ததே இல்லை. ரெண்டு... சத்தமில்லை, ரத்தமில்லை, கையை எடுக்கக்கூட வேண்டாம், சும்மா இருந்தால் போதும். மூன்று... இவர் போய்விட்டால் அந்த எண்ணை யார் சொல்வது, பேராசை என்ற சொல்லை யார் திரும்ப எடுத்துக்கொள்வது, ஊரே தியாகி என்று அழும், அம்மா எல்லாரையும்விட அதிகமாக அழுவாள்... நாலு. அகல்யா இரண்டு அக்குளிலும் கை கொடுத்துத் தூக்கினாள், மல்லாத்தினாள், நீச்சல் கண்ணாடியைப் பிடுங்கினாள், உதடு நாவல்பழம் தின்ற மாதிரி இருந்தது, முகத்தில் ஊதினாள், கன்னத்தில் அறைந்தாள், அந்த அறையைக் கொஞ்சம் பலமாகவே.

மூச்சு வந்தது, கழுதை கத்துகிற மாதிரி ஓர் இழுப்பு. கண் திறந்தது, ஆனால் அவளைப் பார்க்கவில்லை, அவளைத் தாண்டி எங்கேயோ பார்த்துக் கேட்டார், "மீன் போச்சா?"

எல்லாரும் சிரித்தார்கள். பயந்துபோனவர்கள், சிரிக்க ஒன்று கிடைத்ததும் சிரித்தார்கள். அகல்யா சிரிக்கவில்லை, அவர் முகத்திலிருந்து கண்ணையும் எடுக்கவில்லை, முப்பது எண்ண வேண்டும், எண்ணினாள். இருபதில் அவருக்கு நினைவு திரும்பியது, தான் கேட்டது காதில் விழுந்ததோ என்னவோ, இருபத்தைந்தில் அவளை ஒரு பார்வை பார்த்தார், அதில் சாரும் இல்லை, மச்சானும் இல்லை, ஒன்றுமே இல்லாத ஒரு ஆள். முப்பதில் பழையபடி குரல் வந்துவிட்டது, பாத்தீங்களா, இதுக்குதான் மேல ஒருத்தர் வேணுங்கறது, கை தட்டுங்க. தட்டினார்கள். அவள் படியேறினாள், ஈரக் காலைச் செருப்புக்குள் நுழைத்தாள். நிஷா மட்டும் கை தட்டவில்லை, ஸ்டாப் வாட்சைப் பார்த்துக்கொண்டிருந்தவள் பக்கத்தில் வந்து, தாழ்ந்த குரலில், "அக்கா, ரெண்டாவது தட்டுக்கு அப்பறம் நீங்க நாலு செகண்ட் தூக்கல."

"ஆமா, நாலு. எண்ணிக்கிட்டுதான் இருந்தேன்" என்றாள் அகல்யா. "அவரு எங்கண்ணன எத்தன செகண்ட் விட்டாருன்னு அவரயே கேளு. உங்களுக்கெல்லாம் அனுப்புன வீடியோல இடது மூலையப் பாரு, நிறுத்தி நிறுத்திப் பாரு, மஞ்சளா ஒண்ணு தெரியும்." நிஷா போனை எடுக்கக் குனிந்தாள். அகல்யா, நில்லும்மா, அங்க என்ன பேச்சு என்று அவர் பின்னாலிருந்து கூப்பிட்டது கேட்டது, குரலில் மூச்சு இன்னும் சேரவில்லை. அவள் திரும்பவில்லை. என்ன செய்வது என்பது மூன்றாவது நொடியிலேயே முடிவாகிவிட்டது, இனி அதில் யோசிக்க ஒன்றும் இல்லை, அம்மா கத்துவாள், கத்தட்டும், கையெழுத்து விழாது, விழ வேண்டாம்.

கேட்டில் காவல்காரர் நோட்டை நீட்டினார், ஈர விரலில் பேனா வழுக்கியது, வெளியே போன நேரம் எழுதினாள். "அடுத்த ஞாயித்துக்கெழம ரெண்டு பேரா வருவோம்ணே, எங்கண்ணன் பேரு உத்தமன். உக்காற ஒரு சேர் மட்டும் போட்டு வைங்க, கொளத்தாண்ட, எல்லாருக்கும் தெரியற மாதிரி." வாரா வாரம் வருவான், வாரா வாரம் மச்சான் என்று கூப்பிடுவான், புதிதாகச் சேருகிற ஒவ்வொருவரும் இவர் யார் என்று கேட்பார்கள், சார் பதில் சொல்லட்டும்... தெருவில் வெயில் ஏறியிருந்தது, சுடிதாரிலிருந்து சொட்டிய தண்ணீர் அவள் பின்னாலேயே வந்தது. வலது உள்ளங்கையில் இன்னும் அந்தத் தோள் இருந்தது, கனமாக, சும்மா. அவராவது பார்க்காமல் விட்டார், மீன் பக்கம் திரும்பியிருந்தார். நான் எந்தப் பக்கமும் திரும்பவில்லையே, பார்த்துக்கொண்டேதானே இருந்தேன், நாலு நொடியும்... அது குறைவா, அதிகமா? பஸ் வந்தது. கையைத் துப்பட்டாவில் துடைத்துக்கொண்டு ஏறினாள், துப்பட்டாவும் ஈரம்.